கணையத்தில் கட்டி, இ.யூ.எஸ். செய்யச் சொல்லியிருக்கிறார்கள்: என்ன அது, எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வியின் சுருக்கம்: அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரை இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சாப்பிடுகிறார். மூன்று வாரமாக மஞ்சள் காமாலை. சி.டி. ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதியில் 2 செ.மீ. அளவுக்கு ஏதோ இருக்கிறது என்று எழுதி, 'எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்டும் (சுருக்கமாக இ.யூ.எஸ்.) ஊசி பயாப்சியும்' செய்யச் சொல்கிறார்கள். எண்டோஸ்கோப்பி, அல்ட்ராசவுண்ட், சி.டி. மூன்றும் பார்த்தாயிற்று. இன்னும் இது எதற்கு? ஊசி குத்தினால் பரவிவிடாதா? எப்படித் தயாராக வேண்டும்?

முதலில் பெயரால் வரும் குழப்பம். சாதாரண எண்டோஸ்கோப்பி ஒரு கேமரா. குடலின் உள்தோலை மட்டும்தான் காட்டும். வீட்டுக்குள் நின்று சுவரின் சுண்ணாம்பைப் பார்ப்பது மாதிரி. சுவருக்குள் ஈரம் ஏறியிருக்கிறதா, பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறது என்பதெல்லாம் தெரியாது. இ.யூ.எஸ். குழாயின் நுனியில் கேமராவோடு ஒரு சிறிய அல்ட்ராசவுண்ட் கருவியும் இருக்கிறது. அது சுவரைத் தாண்டிப் பார்க்கும். அப்பாவின் பழைய எண்டோஸ்கோப்பி நார்மல் என்று வந்ததற்கும் கணையத்தில் கட்டி இருப்பதற்கும் முரண்பாடே கிடையாது.

சரி, வயிற்றின் மேல் ஜெல் தடவிப் பார்க்கும் ஸ்கேன் போதாதா? கணையம் இருக்கும் இடம் அப்படி. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிப் படுத்திருக்கிறது. வெளியிலிருந்து போகும் ஒலி அலை தோல், கொழுப்பு, பிறகு இரைப்பையிலும் பெருங்குடலிலும் இருக்கும் காற்று எல்லாவற்றையும் கடந்தாக வேண்டும். காற்றைக் கண்டால் அல்ட்ராசவுண்ட் திரும்பி வந்துவிடும். ஸ்கேன் ரிப்போர்ட்டுகளில் 'வாயுவால் கணையம் முழுதாகத் தெரியவில்லை' என்று அடிக்கடி எழுதியிருப்பது இதனால்தான். இ.யூ.எஸ்.ஸில் கருவி இரைப்பைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. அங்கிருந்து கணையம் சில மில்லிமீட்டர் தூரம்தான். தூரம் குறைந்தால் அதிக அதிர்வெண் பயன்படுத்தலாம்: வயிற்று ஸ்கேனுக்கு 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ், இதற்கு 5 முதல் 12 வரை. அதிர்வெண் கூடக் கூடப் படம் நுணுக்கமாகும். பித்தநாளத்தில் 3 மி.மீ. கல், கணையத்தில் 1 செ.மீ. கட்டி என்று சி.டி. தவறவிடக்கூடியவை இதில் பிடிபடுகின்றன. 1980-ல் முதல் கருவிகள் வந்தபோதே நோக்கம் கணையத்தைப் பார்ப்பதுதான். அதன் வழியாக ஊசி விட்டு எடுப்பது 1990-களின் தொடக்கத்தில் வந்தது.

உங்கள் அப்பா விஷயத்தில் இந்தச் சோதனையிடம் மூன்று கேள்விகள் கேட்கப்படுகின்றன. கட்டி என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா, அல்லது வீக்கமா? இருந்தால், பக்கத்தில் ஓடும் பெரிய ரத்தக் குழாய்களைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா? மூன்றாவது, அது என்ன? மூன்றாவதற்கு மட்டும்தான் ஊசி. கணையத் தலையில் கட்டி என்றதும் எல்லோரும் புற்றுநோய் என்றே நினைப்பார்கள். பெரும்பாலும் அதுதான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆட்டோஇம்யூன் பான்கிரியாடைட்டிஸ் என்று ஒன்று உண்டு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்குவதால் வரும் வீக்கம். மஞ்சள் காமாலையோடு, பார்க்க அச்சு அசல் புற்றுநோய் போலவே வரும். ஸ்டீராய்டு மாத்திரையில் கரைந்துவிடும். காசநோய்க் கட்டி கணையத்தை ஒட்டி வருவதும் நம் ஊரில் அபூர்வம் என்று ஒதுக்கக்கூடியதல்ல. ஹார்மோன் சுரக்கும் செல்களில் முளைக்கும் நியூரோ எண்டோகிரைன் கட்டி, நிணநீர்ப் புற்றுநோயான லிம்ஃபோமா இவற்றுக்கெல்லாம் வைத்தியமே வேறு.

அதற்காக எல்லோருக்கும் ஊசி வேண்டும் என்றும் இல்லை. சி.டி. படம் தெளிவாகப் புற்றுநோய் மாதிரி இருக்கிறது, ரத்தக் குழாய் எதையும் தொடவில்லை, உடல்நிலை ஆபரேஷனைத் தாங்கும் என்றால், பயாப்சி இல்லாமலே ஆபரேஷனுக்குப் போவது ஒப்புக்கொள்ளப்பட்ட முறை. மாறாக, முதலில் கீமோதெரபி கொடுத்துக் கட்டியைச் சுருக்கப் போகிறார்கள் என்றாலோ, ஆபரேஷன் முடியாத நிலை என்றாலோ, பயாப்சி கட்டாயம். திசு ரிப்போர்ட் இல்லாமல் கீமோ ஆரம்பிக்க மாட்டார்கள். ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "இந்த ரிசல்ட் எப்படி வந்தாலும் அடுத்த படி ஒன்றுதானா, மாறுமா?" மாறாது என்றால் ஊசி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

ஊசி பட்டால் பரவும் என்ற பயத்துக்கு வருவோம். அடியோடு கற்பனை என்று சொல்ல முடியாது. ஊசி போன தடத்தில் பிறகு கட்டி முளைத்ததாக மருத்துவ இதழ்களில் தனித்தனி நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் வந்திருக்கின்றன. ஆனால் மிக மிக அபூர்வம். கணையத் தலைக்கு ஊசி முன்சிறுகுடல் சுவர் வழியாகப் போகிறது. கணையத் தலையை எடுக்கும் விப்பிள் ஆபரேஷனில் அந்தச் சுவரையும் சேர்த்தே வெட்டி எடுத்துவிடுவார்கள், தடமும் அதோடு போய்விடும். கணையத்தின் நடுப்பகுதி, வால் பகுதி என்றால் ஊசி இரைப்பை வழியாகப் போகும். இரைப்பை உடம்பிலேயே தங்கும் என்பதால் அங்கே கொஞ்சம் கூடுதலாக யோசிப்பார்கள். ஊசி கண்டிப்பாகக் கூடாத சந்தர்ப்பம் ஒன்று உண்டு: கல்லீரலின் வாசலில் பித்தநாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில் புற்றுநோய்ச் சந்தேகம் இருந்து, கல்லீரல் மாற்று சிகிச்சை பற்றி யோசிக்கிறார்கள் என்றால், அந்தக் கட்டியை ஊசியால் குத்திவிட்டால் மாற்று சிகிச்சைக்கான தகுதியே போய்விடலாம்.

இன்னொன்று, இதைப் பெரும்பாலும் யாரும் நோயாளியிடம் சொல்வதில்லை: வரிசை முக்கியம். காமாலை ஏறியதும் உடனே இ.ஆர்.சி.பி. (எண்டோஸ்கோப்பி வழியாகப் பித்தநாளத்துக்குள் போய் அடைப்பைத் திறப்பது) செய்து பித்தநாளத்தில் ஸ்டென்ட் வைத்துவிட்டு, பிறகு சி.டி., பிறகு இ.யூ.எஸ். என்று போனால் படம் கெட்டுவிடும். ஸ்டென்ட்டின் நிழல் கட்டியின் ஓரத்தை மறைக்கும், இ.ஆர்.சி.பி.யால் கணையத்தில் வீக்கம் வந்திருந்தால் எது கட்டி, எது வீக்கம் என்று பிரிக்கவே முடியாது. சரியான வரிசை சி.டி. முதலில், இ.யூ.எஸ். இரண்டாவது, ஸ்டென்ட் தேவைப்பட்டால் கடைசியில். பின்னிரண்டையும் ஒரே மயக்கத்தில் அடுத்தடுத்துச் செய்துவிடவும் முடியும், கேட்டுப் பாருங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்துவிட்டால் மட்டும் இந்த வரிசை செல்லாது. பித்தநாளத்தில் சீழ் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அன்றே வடித்துவிட வேண்டும், படம் கெட்டாலும் பரவாயில்லை.

காமாலை என்றதும் கீழாநெல்லி கொடுத்து இரண்டு வாரம் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. மலம் வெளிறி, சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போய், உடம்பெல்லாம் அரித்தால் அது அடைப்புக் காமாலை. குழாய் அடைத்துக்கொண்டதற்கு எந்த இலையும் வழி திறக்காது. சித்த மருந்து, லேகியம், சூரணம் எது கொடுத்திருந்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி மருந்து விஷயம். அப்பாவுக்கு இதுதான் ஆபத்தான பகுதி, அதனால் நிதானமாகப் படியுங்கள்.

ஊசி இல்லாமல் பார்க்க மட்டும் செய்தால் ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகளை நிறுத்த வேண்டியதில்லை. ஊசி உண்டென்றால் கணக்கு மாறும். ஆஸ்பிரினைப் பொதுவாக நிறுத்துவதில்லை. குளோபிடோக்ரலை 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் நிறுத்தலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் இதய டாக்டர். ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் ஆகாதவர்கள் தாங்களாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து மாரடைப்பு வரக்கூடும். கணையப் பயாப்சியில் கசியும் ரத்தத்தைவிட அது பல மடங்கு மோசம். உங்கள் அப்பாவுக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டதால் அனுமதி கிடைக்கக் கூடும். அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு பொறி. நம் ஊரில் குளோபிடோக்ரலும் ஆஸ்பிரினும் ஒரே மாத்திரையாகச் சேர்த்து வருகின்றன. பல கம்பெனி மாத்திரைகளில் பெயருக்குப் பின்னால் 'ஏ' என்று ஓர் எழுத்து ஒட்டியிருக்கும். கொழுப்பு மாத்திரையையும் சேர்த்து மூன்றும் ஒரே கேப்சூலாக வருவதும் உண்டு. "குளோபிடோக்ரலை நிறுத்துங்கள்" என்று சொன்னதும் வீட்டில் அந்த மாத்திரையை அப்படியே நிறுத்திவிடுவார்கள். கூடவே ஆஸ்பிரினும் நின்றுபோகும். ஸ்டென்ட் உள்ளவருக்கு ஒரு வாரம் எந்தக் காப்பும் இல்லை. மாத்திரை அட்டையின் பின்பக்கம் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். சேர்மானம் என்றால் அந்த ஒரு வாரத்துக்கு ஆஸ்பிரினைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். சந்தேகமாக இருந்தால் அட்டையையே எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் 5 நாள் முன்பு நிறுத்தி ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை) பார்க்க வேண்டும், அசிட்ரோம் அதைவிடக் குறைந்த நாள். ரிவராக்சபான், அபிக்சபான், டாபிகாட்ரான் வகைக்கு இரண்டு மூன்று நாள், சிறுநீரகம் சரியில்லை என்றால் இன்னும் கூடும். இதய வால்வு மாற்றியவர்கள் இடைப்பட்ட நாட்களுக்கு ஹெப்பாரின் ஊசி தேவையா என்று கேட்க வேண்டும்.

மாத்திரையே சாப்பிடாதவருக்கும் அடைப்புக் காமாலையில் ரத்தம் உறைவது தாமதமாகலாம். பித்தம் குடலுக்கு வரவில்லை என்றால் வைட்டமின் கே உடம்பில் சேராது. கல்லீரல் நன்றாக இருந்தும் ஐ.என்.ஆர். ஏறிவிடும். வைட்டமின் கே ஊசி போட்டால் ஓரிரு நாளில் இறங்கிவிடும். அதனால் ஒரு மாதப் பழைய ரத்தப் பரிசோதனையைக் கொண்டுபோகாதீர்கள். ஐ.என்.ஆர். 1.5-க்கு மேலே, அல்லது பிளேட்லெட் 50,000-க்குக் கீழே இருந்தால் ஊசி வேலை பெரும்பாலும் தள்ளிப்போகும். அதிகாலையில் ஊரிலிருந்து கிளம்பி வந்து, பட்டினி கிடந்து, மதியம் திரும்பிப் போகச் சொன்னால் எரிச்சலாகத்தான் இருக்கும். இரண்டு நாள் முன்பே பார்த்துவிட்டால் அந்த அலைச்சல் மிச்சம்.

சர்க்கரைக்கு வருவோம். காலையில் முதல் ஆளாக நேரம் கேளுங்கள். சர்க்கரை நோயாளிக்கு அந்தச் சலுகை தருவது வழக்கம்தான். பட்டினி இருக்கும் காலையில் சர்க்கரை மாத்திரை வேண்டாம். இன்சுலின் அளவை டாக்டர் குறைத்துச் சொல்வார். முழுதாக நிறுத்துவதும் தப்பு, வழக்கம்போலப் போட்டுக்கொள்வதும் தப்பு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று 'கிளிஃப்ளோசின்' என முடியும் பெயருள்ள மாத்திரைகளை 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பட்டினியில் இவை ரத்தத்தில் அமிலத்தை ஏற்றிவிடும், அதுவும் சர்க்கரை அளவு நார்மலாகக் காட்டிக்கொண்டே. செமாகுளுடைட் போன்ற வாரம் ஒருமுறை ஊசி போடுபவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்: அது இரைப்பை காலியாவதைத் தாமதமாக்கும், எட்டு மணி நேரப் பட்டினிக்குப் பிறகும் உள்ளே சோறு கிடக்கலாம். பட்டினி நேரத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். குளுகோஸ் கரைத்த தெளிந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, எத்தனை மணிக்குக் குடித்தார் என்று நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். பிரஷர் மாத்திரை, தைராய்டு மாத்திரை, வலிப்பு மாத்திரை இவற்றைப் பொதுவாகக் காலையில் ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கச் சொல்வார்கள்.

பட்டினி என்றால் என்ன? திட உணவு நிறுத்தி 6 முதல் 8 மணி நேரம்; தெளிந்த தண்ணீர் நிறுத்தி 2 மணி நேரம். இங்கே வழுக்குவது ஒரே இடத்தில்: "ஒன்றும் சாப்பிடல, டீ மட்டும்தான் குடிச்சார்." பால் சேர்த்த டீ, காபி, மோர், ஹார்லிக்ஸ் எல்லாம் சாப்பாட்டுக் கணக்கு. தெளிந்தது என்றால் டம்ளரின் அந்தப் பக்கம் தெரிய வேண்டும். வெற்றிலை பாக்கு, பீடி சிகரெட் கூடாது. சாப்பிட்டதும் வாந்தி, முந்தின நாள் சாப்பாடு அப்படியே வெளியே வருகிறது என்றால் இரைப்பை வாசல் அடைத்திருக்கலாம். அவர்களுக்கு முந்தைய நாள் முழுக்கத் திரவ உணவு மட்டும் என்று சொல்வார்கள். இவ்வளவு கறாருக்குக் காரணம், மயக்கத்தில் இரைப்பையில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வந்துவிடும் என்பதுதான்.

டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியவை: ஆடும் பல், கழற்றும் பல்செட், குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் திணறலும், ஆஸ்துமா, மருந்து அலர்ஜி, கர்ப்பம். முக்கியமாக, வயிற்றில் முன்பு நடந்த ஆபரேஷன். உடல் எடை குறைக்க பைபாஸ் செய்தவர்களுக்கும், இரைப்பையின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுக் குடலோடு இணைத்தவர்களுக்கும் முன்சிறுகுடல் வழி துண்டிக்கப்பட்டிருக்கும். கருவியால் கணையத் தலையை எட்டவே முடியாமல் போகலாம். இது மேசையில் படுத்த பிறகு தெரிய வேண்டிய விஷயமல்ல. சி.டி. ஸ்கேனின் காகித ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோகாமல் சி.டி.யைப் பதிந்த வட்டையும் எடுத்துப் போங்கள். கட்டி எந்தப் பக்கம், எந்தக் குழாயை ஒட்டி என்று படத்தைப் பார்த்துவிட்டுக் கருவியைக் கையில் எடுக்கும் டாக்டருக்கும், பார்க்காமல் எடுப்பவருக்கும் வித்தியாசம் இருக்கிறது.

அன்றைக்கு நடப்பது இதுதான். நகப்பூச்சு இருந்தால் அழிக்கச் சொல்வார்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப் சரியாகக் காட்ட வேண்டும். கையில் ஊசிக் குழாய், மூக்கில் ஆக்சிஜன், தொண்டையில் மரத்துப்போகும் ஸ்ப்ரே. கசக்கும், எச்சில் விழுங்க முடியாதது போலத் தோன்றும், உண்மையில் முடியும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பற்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையத்தைக் கடிக்கக் கொடுப்பார்கள். பிறகு மருந்து. பெரும்பாலும் புரோபோஃபால் கொடுத்துத் தூங்க வைப்பார்கள், அருகில் மயக்க மருந்து டாக்டர் இருப்பார். சில இடங்களில் மிடாசோலம், ஃபென்டானில் கொடுத்து அரை மயக்கத்தில் செய்வார்கள். அதில் பேச்சுக் குரல் காதில் விழலாம், பிறகு நினைவிருக்காது. சாதாரண எண்டோஸ்கோப்பியை ஸ்ப்ரே மட்டும் அடித்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் தாக்குப்பிடித்தவர்கள் இதையும் அப்படியே என்று நினைக்கக் கூடாது. இந்தக் குழாய் தடிமன் கூடியது, நுனியில் வளையாத பகுதி நீளம், நேரமும் அரை மணியிலிருந்து ஒரு மணி வரை ஆகும்.

இ.யூ.எஸ். குழாயின் நுனியில் ஒரு ரப்பர் பலூனைத் தண்ணீரால் நிரப்பிச் சுவரோடு ஒட்டவைப்பார்கள். இடையே காற்று இருந்தால் படம் விழாது. இரைப்பையில் நின்று கணையத்தின் உடலும் வாலும், முன்சிறுகுடலில் நின்று தலையும் பித்தநாளமும். கட்டி தெரிந்ததும் டாப்ளரைப் போட்டு, ஊசி போகும் பாதையில் ரத்தக் குழாய் குறுக்கிடுகிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். ஊசி 22 கேஜ் என்றால் முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை, கையில் ரத்தம் எடுக்கும் ஊசி அளவுதான். 25 கேஜ் அதைவிட மெல்லியது, 19 தடிமன். எண் ஏற ஏற ஊசி இளைக்கும். திரையில் ஊசி ஒரு வெள்ளைக் கோடாகக் கட்டிக்குள் நுழைவது நேரடியாகத் தெரியும். உள்ளே போனதும் அதைப் பத்துப் பன்னிரண்டு முறை முன்னும் பின்னும், விசிறி விரிப்பது போலத் திசை மாற்றி மாற்றி அசைத்துச் செல்களைச் சேர்ப்பார்கள். இப்படி இரண்டு முதல் நான்கு தடவை. செல்களாக உறிஞ்சினால் எஃப்.என்.ஏ.; முனையில் பல் வைத்த ஊசியால் நூல் போலத் திசுவைச் சீவி எடுத்தால் எஃப்.என்.பி. இப்போது பலர் இரண்டாவதையே விரும்புகிறார்கள், கூடுதல் சோதனைகளுக்குத் திசு மிஞ்சும் என்பதால். குத்துவது நோயாளிக்குத் தெரியாது. ஊசி ஒருமுறை பயன்படுத்தி எறிவது, விலையும் அதிகம். பல இடங்களில் பில்லில் தனியாக வரும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எது தவறாகப் போகலாம்? ஊசி இல்லாமல் பார்ப்பதில் பெரிய ஆபத்து குடலில் ஓட்டை விழுவது. ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. அது நடந்தால் தொண்டையைத் தாண்டும் இடத்திலோ, முன்சிறுகுடல் வளைவிலோ நடக்கும். கேமரா நேராகப் பார்க்காமல் சாய்வாகப் பார்ப்பதும், வளையாத நுனியும்தான் காரணம். கழுத்தெலும்பு தேய்ந்து கழுத்து வளையாத முதியவர்களிடம் கவனம் கூடுதலாக வேண்டும். கணையத்தில் ஊசி போட்டால் நூறு பேரில் ஒருவர் அளவுக்குக் கணைய அழற்சி வரலாம். கட்டியை எட்ட ஊசி நல்ல கணையத் திசுவைக் கடந்து போகும்போது அது கோபித்துக்கொள்கிறது. ரத்தக் கசிவும் கிருமித் தொற்றும் அதைப் போலவே குறைவு. நீர்க்கட்டியைக் குத்தினால் மட்டும் தொற்று பயம் கொஞ்சம் கூடும், ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள். நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் நீர்க்கட்டியைக் குத்துவதைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுவார்கள். அங்கே சீழ் பிடித்தால் சமாளிப்பது கடினம்.

முடிந்த பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் அங்கேயே வைத்துப் பார்ப்பார்கள். தொண்டை மரத்திருக்கும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், புரையேறும். முதலில் ஒரு வாய் தண்ணீர், இருமல் வராவிட்டால் கஞ்சி, இரவு இட்லி மாதிரி மென்மையானது. 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது, தனியாக விடக் கூடாது. மயக்கம் தெளிந்தது போலப் பேசுவார். டாக்டர் சொன்னது எதுவும் மறுநாள் நினைவிருக்காது. அதனால் டாக்டர் சொல்வதைக் கேட்க வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், எழுதியும் வைத்துக்கொள்ள வேண்டும். தொண்டை எரிச்சல் ஓரிரு நாள், வயிறு உப்புசம் சில மணி நேரம். இவை சாதாரணம்.

சாதாரணமல்லாதது இது: மேல்வயிற்றில் பிடித்து முதுகுக்குப் பரவும் வலி, நிமிர்ந்து படுத்தால் கூடி, குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும், கூடவே வாந்தி. வீட்டில் உடனே "வாயுப் பிடிப்பு" என்று சொல்லி சோடாவும் ஓம வாட்டரும் கொடுப்பார்கள். கணையத்தில் ஊசி போட்டவருக்கு முதல் இரண்டு நாளில் வரும் இந்த வலியை வாயு என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். லைபேஸ் என்ற ரத்தப் பரிசோதனை ஒன்று போதும்: வலியோடு அது நார்மலைவிட மூன்று மடங்குக்கு மேல் போயிருந்தால் கணைய அழற்சி, அன்றே அட்மிட் ஆக வேண்டும். காய்ச்சல், நடுக்கம், தார் போலக் கறுத்த மலம், ரத்த வாந்தி, நெஞ்சு வலி, விழுங்க முடியாமை, கழுத்துத் தோலை அழுத்தினால் நறநற என்று காற்று நெரிபடுவது, இவற்றில் எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நிறுத்திய குளோபிடோக்ரலை எப்போது மறுபடி ஆரம்பிப்பது என்று வீடு திரும்பும் முன் கேட்டு எழுதி வாங்குங்கள். மறந்துபோய் மாதக்கணக்கில் நிறுத்தியே இருப்பவர்கள் உண்டு.

ரிப்போர்ட் இரண்டு வரும். முதலாவது, டாக்டர் கண்ணால் பார்த்தது, அன்றே கிடைக்கும். அதில் 'ஹைப்போஎக்கோயிக்' என்றால் திரையில் கறுப்பாகத் தெரிந்தது என்பதற்கு மேல் பொருள் இல்லை. அதுவே புற்றுநோய் என்று அர்த்தமல்ல. இரண்டாவது, நோய்க்குறியியல் நிபுணர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வது. பொதுவாக மூன்று நாளிலிருந்து ஒரு வாரம், கூடுதல் சாயச் சோதனை தேவைப்பட்டால் இன்னும் ஒரு வாரம். இதில்தான் வீடுகளில் பெரிய தவறு நடக்கிறது. 'மேலிக்னன்ட்' (புற்றுநோய்) என்று வந்தால் அது ஏறத்தாழ உறுதி. 'நெகட்டிவ்' என்று வந்தால் அது அதே அளவு உறுதி அல்ல. கணையப் புற்றுநோயில் கட்டியைச் சுற்றி நார்த்திசு கெட்டியாக இருக்கும், ஊசியில் வெறும் நார் மட்டும் வந்துவிடலாம். உண்மையில் புற்றுநோய் இருப்பவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு ஊசி அதைத் தவறவிடுகிறது. நாள்பட்ட கணைய அழற்சி உள்ளவரிடம் இன்னும் தவறும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இளம் வயதிலேயே கணையத்தில் கல் விழும் வகை அதிகம் என்பதால் இது நமக்கு முக்கியம். கல்லின் நிழலுக்குப் பின்னால் இருப்பது படத்தில் தெரியாது. 'அட்டிபிக்கல்' என்றால் செல்கள் நார்மலாக இல்லை, புற்றுநோய் என்று சொல்லவும் போதவில்லை. 'இன்அடிக்வேட்' என்றால் திசு போதவில்லை. இந்த மூன்றில் எது வந்தாலும், படம் சந்தேகமாக இருந்தால் மறுபடி ஊசி போடச் சொல்வார்கள். அது முதல் டாக்டரின் கைத்தவறு என்று முடிவு கட்ட வேண்டாம்.

இந்தச் சோதனை கணையத்துக்கு மட்டும் இல்லை. நுரையீரல்களுக்கு நடுவே நெறி கட்டி, காசநோயா, சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோயா, லிம்ஃபோமாவா என்று தெரியாதபோது உணவுக்குழாய் வழியாக ஊசி போட்டு எடுப்பது நம் ஊரில் அடிக்கடி நடக்கும் வேலை. அப்படியென்றால் ஒரு பகுதியைத் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போடாமல், உப்புத் தண்ணீரில் ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கும் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) அனுப்பச் சொல்லி முன்பே நினைவுபடுத்துங்கள். ஃபார்மலினில் விழுந்த திசுவில் கிருமி வளராது. ஜீன்எக்ஸ்பர்ட் ஓரிரு நாளில் வரும், கல்ச்சருக்கு ஆறு வாரம்வரை ஆகலாம். கணைய நீர்க்கட்டி என்றால் உறிஞ்சிய நீரில் சி.இ.ஏ. என்ற புரதம், அமைலேஸ் என்ற கணைய நொதி, சர்க்கரை இவற்றின் அளவு பார்ப்பார்கள், சி.இ.ஏ. ஏறி, சர்க்கரை 50-க்குக் கீழே இருந்தால் பிற்பாடு புற்றுநோயாக மாறக்கூடிய சளி வகை என்ற சந்தேகம் வலுக்கும். இரைப்பைச் சுவரில் உள்தோலுக்கு அடியில் உருண்டையாக ஒன்று தெரிந்தால், சுவரின் ஐந்து அடுக்கில் அது எந்த அடுக்கில் முளைத்தது என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்: மூன்றாவது அடுக்கில் வெள்ளையாக இருந்தால் கொழுப்புக்கட்டி, விட்டுவிடலாம், நான்காவது அடுக்கில் கறுப்பாக இருந்தால் 'ஜிஸ்ட்' என்ற, புற்றுத்தன்மை கொள்ளக்கூடிய கட்டியாக இருக்கலாம். மலக்குடல் வழியாகச் செய்வதற்குப் பட்டினியோடு எனிமாவும் உண்டு.

கடைசியாக ஒரு காகித வேலை. ரிப்போர்ட்டோடு நின்றுவிடாதீர்கள். எடுத்த திசுவை மெழுகில் பதித்து 'பிளாக்' என்று லேபில் வைத்திருப்பார்கள். வேலூருக்கோ அடையாறுக்கோ இரண்டாவது கருத்துக்குப் போனால் அங்கே முதலில் கேட்பது ரிப்போர்ட்டை அல்ல, ஸ்லைடையும் பிளாக்கையும்தான். எழுதிக் கொடுத்தால் தருவார்கள், சில இடத்தில் ஒரு நாள் ஆகும். பெயரும் லேப் நம்பரும் ரிப்போர்ட்டில் இருப்பதும் பிளாக்கில் ஒட்டியிருப்பதும் ஒன்றுதானா என்று கவுன்டரிலேயே சரிபார்த்து, வெயிலில் காருக்குள் விட்டுவிடாமல் கையோடு எடுத்துப் போங்கள். மெழுகு உருகிவிடும்.